பொட்டு வைத்த உண்டியல்

ஒருவரைப் பார்த்து ‘நீ புத்திசாலி’ என்று யாராவது ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். அதற்குப் பிறகு அவர் செய்யப்போகும் முட்டாள்தனத்துக்கு எல்லையே இருக்காது. என்னைப் பார்த்து அப்படிச் சொன்னவர் என் விரிவுரையாளர் புவான் சல்மா. நல்ல மனுஷி. அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. சொன்னதை நம்பியது நான்தானே.

தொண்ணூறுகளின் கடைசி அது. ரிங்கிட்டின் மதிப்பு சரிந்து, வானொலியைத் திறந்தால் சிக்கனம், செய்தித்தாளைப் பிரித்தால் சிக்கனம் என்று நாடே வயிற்றில் ஈரத்துணி கட்டிக்கொண்டிருந்த நேரம். நான் மலாக்காவில் வணிகம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு புக்கிட் பெருவாங்கில். அப்பா அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. நான் ஒரே பெண். தடித்த கண்ணாடி, எண்ணெய் வைத்து இழுத்து வாரிய ஒற்றைப் பின்னல், கையில் எப்போதும் ஒரு கோப்பு. (கோப்புக்குள் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் கையில் கோப்பு இருந்தால் நடையே மாறிவிடுகிறது.)

அந்தப் பருவத்தில் எங்களுக்குப் புதிதாக ஒரு பாடம் வைத்தார்கள். வகுப்பில் படித்ததை வெளியே கொண்டுபோய் நாலு பேருக்குப் பயன்படச் செய்யவேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வரவு செலவைத் திட்டமிடுவது எப்படி, சேமிப்பது எப்படி, வங்கிக் கணக்கு திறப்பது எப்படி என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை. அப்போது என் சொந்தக் கணக்கில் இருந்த தொகையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சொல்லப்போவதில்லை.

இருவர் இருவராகப் பிரித்தார்கள். எனக்கு வாய்த்தவன் சேகர். எதற்கும் அவசரப்படாத பிறவி. பேசுவதற்கு முன் யோசிப்பான். யோசித்து முடிப்பதற்குள் நான் பேசி முடித்திருப்பேன். அவனுக்கு ஒரு சித்தப்பா, சித்தப்பாவுக்கு ஒரு பழைய வேன். வாரநாட்களில் அந்த வேன் பாசாருக்குக் காய்கறி ஏற்றும். சனிக்கிழமைகளில் எங்களை ஏற்றியது. ஆகவே முள்ளங்கி வாசனையோடுதான் நான் சமுதாயத்துக்குச் சேவை செய்யப் போனேன்.

எங்களுக்கு ஒதுக்கப்பட்டது மெர்லிமாவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த, பாமாயில் தரும் ஒரு செம்பனைத் தோட்டம். மழை பெய்தால் செம்மண் சாலை எது, வாய்க்கால் எது என்று வேனுக்கே குழப்பம் வந்துவிடும். வரிசையாக லயன் வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை. அந்தக் கொட்டகையில்தான் வகுப்பு.

முதல் நாள் நான் கஞ்சி போட்ட பருத்திச் சேலை கட்டிக்கொண்டு போனேன். பார்த்தால் ஒரு மதிப்பு வரும் என்று நினைப்பு. வேனிலிருந்து இறங்கி நாலு எட்டு வைத்தேன். நான் முன்னால் போய்விட்டேன், என் செருப்பு சேற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து ஓர் அக்கா வந்தார். சேற்றில் கையை விட்டார், செருப்பை உருவினார், வாய்க்காலில் அலசி என் முன்னால் வைத்தார்.

“என்னா தங்கச்சி, வந்த மொத நாளே தோட்டத்துக்குச் செருப்ப எழுதி வச்சிட்டீங்களா?”

அவர்தான் லெட்சுமி அக்கா. தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும்போது சிதறும் உதிரிப் பழங்களைப் பொறுக்கும் வேலை. அவர் கணவர் மணியம் குலை வெட்டுபவர். மணியம் அண்ணனைப் பற்றி ஊரே சொன்னது ஒன்றுதான்: தங்கமான மனுஷன், ஆனால் லாட்டரி நம்பர் எடுக்கிற பைத்தியம். கனவில் பாம்பு வந்தால் அதற்கு ஒரு நம்பர். பாம்பு வரவில்லையென்றால், ஏன் வரவில்லை என்று அதற்கு ஒரு நம்பர்.

இரண்டாவது வகுப்பில் ‘தேவையும் ஆசையும்’ என்ற பாடம் நடத்தினேன். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் தேவை, அந்தப் பக்கம் ஆசை. அரிசி தேவை. வண்ணத் தொலைக்காட்சி ஆசை. பள்ளிச் சட்டை தேவை. தவணையில் வாங்கும் சேலை ஆசை. (நான் இதைச் சொன்னபோது என் இடுப்பில் இருந்தது அம்மா தவணையில் வாங்கிய சேலை.) லெட்சுமி அக்கா பின்வரிசையிலிருந்து கையைத் தூக்கினார்.

“தங்கச்சி, மோட்டார் லைசென் எந்தப் பக்கம் வரும்?”

“மோட்டார் சைக்கிளா? உங்களுக்கா அக்கா?”

கொட்டகையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. மெர்லிமாவில் ஒரு பள்ளிக்கூடக் கண்டீனில் அவரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பழம் பொறுக்குவதைவிட நல்ல சம்பளம், உட்கார்ந்து முதுகு நிமிர்த்தலாம், வெயில் இல்லை. ஆனால் விடிவதற்கு முன் அங்கே இருக்கவேண்டும். தோட்டத்துக்குள் பஸ் கிடையாது. புது வருடப் பள்ளி திறக்கும் வரைக்கும்தான் அந்த இடத்தை அவருக்காகப் பிடித்து வைத்திருப்பதாகக் கண்டீன் நடத்தும் அம்மா சொல்லியிருந்தார்.

“மோட்டாரு வீட்டுல சும்மா நிக்கிது. அவரு தோட்டத்து லாரியிலதான் வேலைக்குப் போறாரு. எனக்கு ஓட்டத் தெரியும். லைசென்தான் இல்ல.”

“ஓட்ட எப்படிக் கத்துக்கிட்டீங்க?”

“அவரு ‘ஃபுல்லா’ இருக்குற நாள்ல வண்டியயும் அவரயும் வேற யாரு வீட்டுக்குக் கொண்டாறது?”

லைசென் எடுக்கப் பணம் வேண்டும். அக்கா ஏற்கெனவே சேர்த்துப் பார்த்திருக்கிறார். பால்மாவு டின்னில் வைத்தார். அண்ணன் எடுத்து நம்பர் வாங்கிவிட்டார். அரிசிக்குள் புதைத்தார். மறுநாள் அண்ணனுக்குத் திடீரென்று சோறு வடிக்கும் ஆசை வந்துவிட்டது. “அந்த மனுசனுக்குக் காசு வாசன தெரியும் தங்கச்சி. போலீசு நாய் கெட்டுச்சி போங்க,” என்றார்.

நான் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, “அக்கா, லைசென் தேவைதான். அதை நாம் சேர்த்தே தீருவோம்,” என்று அறிவித்தேன். அவர் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்த நொடியிலேயே நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கவேண்டும்.

புவான் சல்மா எல்லாக் குழுவுக்கும் ஒரே திட்டம்தான் கொடுத்திருந்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சேமிப்பு உண்டியல். பருவம் முடியும் நாளில் எல்லாரும் கூடி அதை உடைத்து, வங்கி அதிகாரி முன்னிலையில் கணக்குத் திறந்து போட்டுவிடவேண்டும். உண்டியல்கூட அவரே வாங்கித் தந்தார். சிவப்புக் கொண்டை வைத்த பிளாஸ்டிக் சேவல்.

எனக்குப் பிளாஸ்டிக் சேவல் பிடிக்கவில்லை. மக்களின் பண்பாட்டோடு பேசவேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். சேவல் என்ன பேசும்? சேவல்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மலாக்கா டவுனில் பொங்கல் பானை விற்கும் கடையில் மண் உண்டியல்கள் வாங்கினேன். அதோடு விட்டேனா? வீட்டுக்குக் கொண்டுவந்து, வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, ஒவ்வோர் உண்டியலின் கழுத்திலும் கட்டினேன். சந்தனம் வைத்தேன். குங்குமம் வைத்தேன். அம்மா எட்டிப் பார்த்து, “யாருக்குடி நேர்த்திக்கடன்?” என்று கேட்டார். “இது நிதிக் கல்வி, உங்களுக்குப் புரியாது,” என்றேன்.

சேகர் வேனில் ஏற்றும்போது வெகுநேரம் உண்டியல்களையே பார்த்தான்.

“புவனா, இதெல்லாம் வேணாம்லா. சாமி சமாச்சாரம்.”

“படிச்சத மக்களோட நம்பிக்கையோட சேத்துக் குடுக்கணும் சேகர். அதுதான் மெத்தட்.”

“சேவல் நல்லாத்தானே இருந்துச்சி.”

தொடக்க விழாவை ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வேன் பாசார் வேலையை முடித்த பிறகு, கோயிலிலேயே வைத்தேன். சின்னக் கோயில். பூக்கார வேன் அந்தச் சாலைக்குள் வராது என்பதால் அம்மன் கழுத்தில் வெளுத்துப்போன பிளாஸ்டிக் மாலை கிடந்தது. கோயில் தலைவர் முனியாண்டி ஐயாதான் பூசையும் செய்வார். பகலில் தோட்டத்து லாரி ஓட்டுவார். நான் உண்டியல்களை அம்மன் காலடியில் வரிசையாக வைத்தேன். தேங்காய் உடைக்கச் சொன்னேன். சேகரை மணி அடிக்கச் சொன்னேன். சூடத்தை நானே காட்டினேன். பிறகு திரும்பி நின்று, கையைத் தூக்கி, இன்றைக்கும் நினைத்தால் என் காது சூடாகும் அந்த வசனத்தைப் பேசினேன்.

“ஆத்தா சாட்சியாகச் சொல்லுங்கள்! இதில் போடும் காசில் யாரும் கை வைக்கக்கூடாது! வைத்தால் ஆத்தாவே கேட்பாள்!”

“தாயே!” என்றது கூட்டம். ஒரு பாட்டிக்கு லேசாக அருள்கூட வந்துவிட்டது. முனியாண்டி ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “படிச்ச புள்ளைக்கு இவ்ளோ பக்தி இருக்கே,” என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரங்களில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். உண்டியல்கள் கனத்துக்கொண்டே வந்தன. கல்லூரி வளாகத்தில் மற்றக் குழுக்காரர்கள் தலையில் கை வைத்திருந்தார்கள். டுரியான் துங்கால் பக்கம் போனவர்களின் சேவல்களை எல்லாம் யாரோ கத்தியால் வயிற்றைக் கீறி, சிகரெட் வாங்கியிருந்தார்கள். என் உண்டியலில் ஒரு கீறல் இல்லை. நான் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் எத்தனையோ அறிகுறிகள் இருந்தன. எல்லா வீட்டிலும் உண்டியல் சாமி மேடையில், விளக்குக்குப் பக்கத்தில் இருந்தது. ‘பாதுகாப்பான இடத்தேர்வு’ என்று எழுதிக்கொண்டேன். கவிச்சி சமைத்த நாளில் யாரும் காசு போடவில்லை. ‘திட்டமிட்ட இடைவெளியில் சேமிப்பு’. ஓர் அக்கா குரலைத் தாழ்த்தி, “மூணு நாளா நான் தொடுறதில்ல தங்கச்சி, மவள வுட்டுப் போடச் சொல்றேன்,” என்றார். ‘குடும்பத்தில் பொறுப்புப் பகிர்வு’. என் அறிக்கையைப் படித்த புவான் சல்மா இதை மாநாட்டில் வாசிக்கலாம் என்றார். நான் மாநாட்டுக்கு என்ன சேலை கட்டுவது என்ற யோசனையில் இறங்கிவிட்டேன்.

பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை வந்தது. கொட்டகையில் மேசை போட்டு, அதன்மேல் மேசைவிரிப்புப் போட்டு, சேகரின் வேனிலிருந்து ஒரு சுத்தியலும் எடுத்து வைத்தேன். புவான் சல்மா மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு குரோங்கில் வந்தார். வங்கியிலிருந்து லிம் என்ற சீன அதிகாரி, கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, கணக்குத் திறக்கும் விண்ணப்பப் பாரங்களோடு வந்து உட்கார்ந்தார். பெண்கள் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, உண்டியலைத் தாம்பாளத்தில் வைத்துப் பூவும் சுற்றிக் கொண்டுவந்தார்கள். மணியம் அண்ணன் உட்பட ஆண்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

முதல் உண்டியல் லெட்சுமி அக்காவுடையது. தூக்கவே முடியவில்லை, அவ்வளவு கனம். மேசைமேல் வைத்து, எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, சுத்தியலை ஓங்கினேன்.

“ஐயய்யோ!”

அப்படியோர் அலறலை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. சுத்தியல் அந்தரத்தில் நின்றது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். முன்வரிசைப் பாட்டி எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

“ஏம்மா, புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு? பொட்டு வச்ச ஆத்தா உண்டியல சுத்தியலால அடிப்பியா?”

“பாட்டி, இது சேமிப்பு உண்டியல். உங்க காசு.”

“எங்க காசா? மஞ்சத் துணி கட்டுனது யாரு? சூடம் காட்டுனது யாரு? கை வச்சா ஆத்தா கேப்பான்னு சொன்னது யாரு?”

யார் யார் என்று பாட்டி கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் நான் ஒருத்திதான். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பாடம் நடத்தியது சேமிக்கத்தானே, காசு நம்முடையதுதான் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் அப்படிச் சொன்னவர்களிடம் “சரி, நீ ஒடை” என்றதும் ஒருவரும் முன்னால் வரவில்லை. மஞ்சள் துணியில் காசை முடிந்து சாமி முன்னால் வைத்தால் அது சாமிக்கு நேர்ந்துவிட்ட காசு. இது எந்தத் தோட்டத்துச் சிறு பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்தான். எங்கள் வீட்டுச் சாமி மேடையிலும் அப்படியொரு முடிச்சு வருடக்கணக்காகக் கிடந்தது. பட்டப்படிப்புத் தலைக்கு ஏறியதில் மறந்துபோயிருந்தேன்.

புவான் சல்மா என்ன நடக்கிறது என்று மலாயில் கேட்டார். நான் சுத்தியலை மேசைவிரிப்புக்கு அடியில் ஒளித்துக்கொண்டிருந்தேன். சேகர்தான் விளக்கினான். அவர் லிம்மைப் பார்த்தார். நீங்கள் வெளியாள்தானே, நீங்களே உடைத்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். லிம் உண்டியலைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கோயில் பொருளில் தான் கை வைத்தது தெரிந்தால் தன் அம்மா வீட்டில் சோறு போடமாட்டார் என்றார்.

நான் லெட்சுமி அக்காவைப் பார்த்தேன். அவர் தன் உண்டியலையே பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளி திறக்க அதிக நாள் இல்லை. அந்தக் காசு போனால் கண்டீன் வேலை போச்சு. மறுபடியும் வெயிலில் குனிந்து பழம் பொறுக்கவேண்டும். அதற்குக் காரணம் நான்.

“ஆத்தாகிட்டயே கேட்டுருவோம்,” என்றார் முனியாண்டி ஐயா.

எல்லாரும் கோயிலுக்கு நடந்தோம். உண்டியல்கள் மறுபடியும் அம்மன் காலடியில் வரிசையாக உட்கார்ந்தன. ஐயா வேலியிலிருந்து ஒரு சிவப்புச் செம்பருத்தியும் ஒரு வெள்ளைப் பூவும் பறித்து, இரண்டையும் தனித்தனியாக வாழையிலையில் மடித்துக் கட்டினார். பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளை வந்தால் காசு அவரவர் வீட்டுக்கு. சிவப்பு வந்தால் அம்மனுக்கு. வழக்கமாக ஒரு சின்னப் பிள்ளையை விட்டுத்தான் எடுக்கச் சொல்வார்கள். பாட்டி விடவில்லை.

“உண்டியலுக்கு மஞ்சத் துணி யாரு கட்டுனாளோ அவளே எடுக்கட்டும்.”

நான் சாமி கும்பிட்டேன். பரீட்சைக்குக்கூட அப்படிக் கும்பிட்டதில்லை. மாநாடு வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், வெள்ளைப் பூ மட்டும் கொடு தாயே என்று கெஞ்சிவிட்டு, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன்.

செக்கச் செவேல் என்று செம்பருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தது.

“தாயே!” என்று கூட்டம் கை தூக்கியது. எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. என் அழுகையைப் பார்த்த புவான் சல்மா, பக்திப் பரவசம் என்று நினைத்து என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அப்போதுதான் லெட்சுமி அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

“சரிங்க தலைவரே. காசு ஆத்தாவோடது. நான் ஒண்ணும் சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஆத்தா கழுத்துல கெடக்குறது என்னா மால?”

ஐயா தயங்கினார். “பிளாஸ்டிக்.”

“ஏன் பிளாஸ்டிக்?”

“பூக்கார வேன் உள்ள வர மாட்டேங்கிறான்லா. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம மெர்லிமாவுக்குப் போயி வாங்கியாற ஆளு இல்ல. ஒனக்குத் தெரியாதா?”

“நான் போறேன். தெனம் கண்டீனுக்குப் போயிட்டுத் திரும்பற வழிதானே. வெள்ளிக்கிழம தவறாம ஆத்தாவுக்கு மல்லியப்பூ வந்து சேரும். ஆனா லைசென் இல்லாம போனா போலீசு புடிப்பான். பூவும் வாடிப்போவும். ஆத்தாவுக்குப் பூ கொண்டார ஆளுக்கு, ஆத்தா காசுல லைசென் எடுத்துக் குடுத்தா தப்பா?”

முனியாண்டி ஐயா அம்மனைப் பார்த்தார், பிளாஸ்டிக் மாலையைப் பார்த்தார், தாடியைத் தடவினார்.

“ஆத்தா காசு, ஆத்தா வேலைக்கு,” என்றார் மெதுவாக. “தப்பில்ல போலருக்கே.”

அவ்வளவுதான். அணை உடைந்தது. ஓர் அக்கா தன் வீட்டுக் கூரை ஒழுகி, சாமி மேடையில் இருக்கும் ஆத்தா படம் நனைகிறது, ஆத்தாவுக்குச் சளி பிடித்தால் யார் பொறுப்பு என்றார். கூரைத் தகரம் அனுமதிக்கப்பட்டது. இன்னொருவர் தன் மகளை முன்னால் தள்ளினார். வெள்ளிக்கிழமை தேவாரம் படிப்பவள் அவள்தான், இப்போது எழுத்து மங்கலாகத் தெரிகிறது, தப்புத் தப்பாகப் படித்தால் ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாளா? மூக்குக்கண்ணாடி அனுமதிக்கப்பட்டது. என் கையைப் பிடித்த பாட்டியே வந்து, கோயில் வாசல் கூட்டுவது தான்தான் என்றும், கூட்டுகிற முட்டிக்கு ஒரு டாக்டர் தேவைப்படுகிறது என்றும் சொன்னார். ஐயா வேர்த்துக் கொட்டத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

மணியம் அண்ணனும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “தலைவரே, எனக்கும் ஒரு யோசன. ஆத்தா பேர்ல ஒரே ஒரு நம்பர்...”

“போயா!” என்று கோயிலே கத்தியது.

ஐயா ஒவ்வோர் உண்டியலிலிருந்தும் மஞ்சள் துணியை அவிழ்த்து, கும்பிட்டு, தேங்காய் உடைக்கும் கல்லில் பதமாகத் தட்டி உடைத்தார். முதல் கைப்பிடி அம்மனுக்கு. மிச்சம் அவரவர் தாம்பாளத்தில். லிம் கோயில் வாசலுக்கு மேசையைத் தூக்கி வரச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, பாரங்களை நிரப்பினார். சேகர் இவ்வளவையும் புவான் சல்மாவுக்கு மலாயில் சொல்லி முடித்தபோது, அவர் சிரித்துச் சிரித்து முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது. என் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் புவான் சல்மா சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘இத்திட்டத்தில் மூன்றாவதாக ஓர் உறுப்பினரும் உழைத்திருக்கிறார். அவர் பெயரை ஏன் சேர்க்கவில்லை?’ ஆத்தாவைத்தான் சொல்கிறார். மாநாட்டைப் பற்றி அதன் பிறகு பேச்சே இல்லை.

லெட்சுமி அக்கா முதல் தடவையிலேயே லைசென் வாங்கினார். பள்ளி திறந்த அன்று கண்டீனில் இருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு மல்லிகை போனது என்று சேகர் சொல்வான். (சேகரை நான் கட்டிக்கொள்ளவில்லை. கதை அப்படிப் போகும் என்று எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும். என் கல்யாணத்துக்குக் காய்கறி ஏற்றிக் கொடுத்ததோடு சரி.)

அந்தக் கல்யாணத்துக்கு லெட்சுமி அக்கா தனியாக மோட்டாரில் வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றியபோது கொண்டைப் பூவெல்லாம் நசுங்கியிருந்தது, அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, புதுமாப்பிள்ளை கேட்கும்படி உண்டியல் கதை முழுவதையும் எடுத்துவிட்டார். நான் இலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “விடுங்கக்கா, இன்னிக்குமா? நான் செஞ்ச முட்டாள்தனத்துல ஒங்க காசே போயிருக்கும்,” என்றேன்.

அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்னா பேசுற நீ? ஒனக்கு விசயமே தெரியாதா? ஒரு நாளு மத்தியானம் அந்த மனுசன் வீட்டுல யாரும் இல்லன்னு நெனச்சிக்கிட்டு உண்டியலக் கையில எடுத்துட்டாரு. நான் குசினியில அடுப்புக்கிட்டேருந்து பாத்துக்கிட்டே நிக்கிறேன். போச்சுடான்னு நெனச்சேன். குலுக்கிப் பாத்தாரு. திருப்பிப் பாத்தாரு. பொட்டு கண்ணுல பட்டுருச்சி. அப்புடியே வச்சிட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டாரு. போட்டுட்டு, சட்டப் பையில கைய வுட்டு, இருபது காசு எடுத்து உள்ள போட்டுட்டுப் போறாரு தங்கச்சி! எனக்குக் கல்யாணமாயி அந்த மனுசன் சேத்த மொதக் காசு அதான். நீ மட்டும் அந்தச் சேவலக் குடுத்திருந்தா என் லைசென் அன்னைக்கே நம்பராப் போயிருக்கும்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, பாயசம் மூக்கில் ஏறிவிட்டது. அத்தனை வருடம் அந்தச் செம்பருத்தியை நினைத்து நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். அன்றைக்குப் பந்தியில்தான் என் மனசு ஆறியது.

மனசு ஆறியதே தவிர மானம் மிஞ்சவில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் இன்றுவரை விடவில்லை. சம்பளம் போட்ட அன்று வீட்டுச் செலவுப் பணத்தை என் கைப்பையில் வைத்துவிட்டு, ஓர் எட்டு பின்னால் போய், இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொள்வார். அவரைப் பார்த்துப் பிள்ளைகளும் கற்றுக்கொண்டன. இப்போது மருமகன் வந்திருக்கிறான், அவனும் போட்டுக்கொள்கிறான். கிண்டல்தான், எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து என் கைப்பையிலிருந்து ஒரு காசுகூடக் காணாமல் போனதில்லை.